ஸ்மித்துகள் ஏன் இத்தனை பேர்?

ஆடம் ஸ்மித் ஸ்காட்லாந்துப் பொருளாதார அறிஞர். கிரேம் ஸ்மித் தென்னாப்பிரிக்காவின் முன்னாள் கிரிக்கெட் கேப்டன். ஸ்டீவ் ஸ்மித் ஆஸ்திரேலியர், வில் ஸ்மித் அமெரிக்க நடிகர், மேகி ஸ்மித் ஆங்கில நடிகை. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று இவர்களை ஒரே குடும்பத்தின் கிளைகளாக நினைத்துவிட வேண்டாம். 'ஸ்மித்' என்ற சொல்லுக்குக் கொல்லர் என்று பொருள். எங்கோ ஒரு காலத்தில் தந்தை வழி முன்னோர் ஒருவர் உலையில் இரும்பு அடித்திருக்கலாம் என்பதைத் தாண்டி அந்தப் பெயர் எதையும் சொல்வதில்லை. அந்த 'இருக்கலாம்' கூடப் பல குடும்பங்களுக்குப் பொருந்தாது.

பொருள் இவ்வளவு எளிது. ஆனால் இடைக்கால இங்கிலாந்தில் பெரும்பாலோர் நிலத்தில் உழைத்தவர்கள். உழவர் என்ற பெயரல்லவா முதலிடத்தில் இருந்திருக்க வேண்டும்? கொல்லர் பெயர் எப்படி அங்கே வந்தது?

அதற்கு, குடும்பப் பெயர் எதற்காகத் தோன்றியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன் பெரும்பாலோருக்கு ஒரே ஒரு பெயர்தான். அதற்குப் பிறகு ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்டு போன்ற சில பெயர்களையே ஊர் முழுக்க வைக்க ஆரம்பித்தார்கள். ஒரே கிராமத்தில் நான்கைந்து ஜான்கள் இருந்தால், வரி எழுத வரும் கணக்கர் எந்த ஜான் என்று கேட்காமல் எழுத முடியாது. பதில் நான்கு விதமாக வந்தது. ராபர்ட்டின் மகன் ஜான் என்றால் ராபர்ட்சன். குன்றடியில் வீடு இருந்தால் ஹில். தலைமுடியோ தோலோ பழுப்பாக இருந்தால் பிரவுன். செய்யும் தொழிலால் அடையாளம் தெரிந்தால் டெய்லர், குக், ஸ்மித்.

தொடக்கத்தில் இவை வெறும் அடைமொழிகள். ஆள் போனால் அடைமொழியும் போய்விடும். கொல்லர் ஜானின் மகன் தையல் வேலைக்குப் போனால் அவனை டெய்லர் என்றே எழுதுவார்கள். நம் ஊரில் தகப்பன் பெயரின் முதலெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதைப் போல அங்கும் மாறிக்கொண்டிருந்தது. அடைமொழி உறைந்து, அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே இறங்கும் பெயராக மாறியது பெரும்பாலும் 1250க்கும் 1450க்கும் இடையில். தெற்கில் முன்னால், வடக்கில் பின்னால். வேல்ஸில் சில பகுதிகளில் 18ஆம் நூற்றாண்டு வரைகூட இழுத்தது. இந்த நாளில் இருந்து எல்லோருக்கும் குடும்பப் பெயர் என்று எந்த மன்னரும் ஆணையிடவில்லை.

இதனால்தான் 'ஸ்மித் ஆயிரம் ஆண்டுப் பழமையான குடும்பப் பெயர்' என்று படிக்கும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டும். டர்ஹாம் பகுதியில் 975ஆம் ஆண்டளவில் ஏக்கியார்ட் ஸ்மித் என்றொருவர் பதிவாகியிருப்பது உண்மை. ஆனால் அது அவர் ஒருவருக்கான அடைமொழி. பெயர் உறைந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் தலைவரி வசூலித்தார்கள். அந்தப் பட்டியல்கள் சிலவற்றில் பெயரோடு தொழிலும் இருக்கும். 'ஜான் ஸ்மித், கொல்லர்' என்றிருந்தால் ஸ்மித் அடைமொழியா பரம்பரைப் பெயரா என்று சொல்ல முடியாது. 'ஜான் ஸ்மித், நெசவாளர்' என்றிருந்தால் பெயர் தொழிலை விட்டுக் கழன்றுகொண்டுவிட்டது என்று பொருள்.

உழவர் ஏன் பெயராகவில்லை?

அடைமொழியின் வேலை ஒருவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது. ஊரே உழும்போது 'உழவர் ஜான்' என்றால் யாரையும் சுட்டாது. ஊரில் ஒரே ஒரு உலை இருந்தால் 'கொல்லர் ஜான்' என்றதும் ஆள் தெரிந்துவிடும். ஆகவே ஒரு பெயர் இன்று பரவலாக இருப்பதற்குக் காரணம் அந்தத் தொழிலைப் பலர் செய்தது அல்ல. ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் செய்தார், ஆனால் ஒருவரோ இருவரோ மட்டுமே செய்தார் என்பதுதான். ஃபார்மர் என்ற குடும்பப் பெயர் இருக்கிறதே என்று கேட்கலாம். அது பிரெஞ்சு வழியாக வந்த சொல். இடைக்காலத்தில் அதன் பொருள் வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்தவர். ஏர் பிடித்தவர் அல்ல.

கொல்லர் இல்லாமல் கிராமம் நடக்காது. கலப்பைக்குக் கொழு, குதிரைக்கு லாடம், அரிவாள், கோடரி, கதவுக்குக் கீல், ஆணி, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை என எல்லாம் அவர் கையால் ஆக வேண்டும். தேய்ந்த கொழுவை அடித்துக் கூர் ஏற்றும் வேலை ஒவ்வொரு உழவுப் பருவத்திலும் திரும்ப வரும். ஆகவே ஆயிரக்கணக்கான ஊர்களில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல், ஆயிரக்கணக்கான ஸ்மித் குடும்பங்கள் தனித்தனியாக முளைத்தன.

பலர் கவனிக்காத காரணம் இன்னொன்று உண்டு. இங்கிலாந்தின் எல்லா வட்டாரத்திலும் கொல்லருக்கு ஒரே சொல்தான் இருந்தது. நெய்த கம்பளித் துணியை நீரில் நனைத்து மிதித்து இறுக்கும் தொழிலைப் பாருங்கள். அதைச் செய்தவர் தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர், வடக்கிலும் மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியிலும் வாக்கர். ஒரு தொழில் மூன்று பெயர்களாகச் சிதறிவிட்டது. நெசவாளர் பாடு இன்னும் மோசம்: வெப், வெப்பர், வெப்ஸ்டர், வீவர். இப்படி உடைந்த பெயர்களைக் கூட்டிப் பார்த்தால்தான் அந்தத் தொழில்களின் உண்மையான அளவு தெரியும். ஸ்மித் உடையவே இல்லை.

சொல்லும் அதன் கிளைகளும்

பழைய ஆங்கிலத்திலும் இதே சொல்தான், ஏறத்தாழ இதே ஒலிதான். ஜெர்மானிய மொழிகள் முழுக்க இதன் உடன்பிறப்புகள் உண்டு: ஜெர்மனில் ஷ்மிட், டச்சில் ஸ்மிட், ஸ்வீடிஷில் ஸ்மெட். 'அடி' என்று பொருள்படும் 'ஸ்மைட்' என்ற ஆங்கில வினைச்சொல்லிலிருந்து ஸ்மித் வந்ததாக ஒரு விளக்கம் வெகுநாளாகச் சுற்றுகிறது. சம்மட்டியால் அடிப்பவர் என்பது கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கும். மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை, இரண்டும் வெவ்வேறு வேர்கள். கடினமான பொருளைச் செதுக்கி, வடித்து உருவாக்கும் கைவினைஞர் என்பதே ஸ்மித்தின் பழைய பொருளாக இருந்திருக்க வேண்டும். தங்க வேலை செய்பவர் கோல்ட்ஸ்மித் என்று அழைக்கப்படுவது அதனால்தான்.

வெறும் ஸ்மித் என்றால் இரும்புக் கொல்லர் என்பது தானாகவே புரிந்தது. ஆகவே இன்று பரவலாக இருக்கும் பிளாக்ஸ்மித் என்ற சொல் குடும்பப் பெயராக அரிதாகத்தான் கிடைக்கும். குறிப்பிட்ட பொருளை மட்டும் செய்தவர்களுக்குத்தான் முன்னொட்டு தேவைப்பட்டது. அம்பு முனை செய்தவர் ஆரோஸ்மித். கத்தி செய்தவர் நேஸ்மித். லாடம் செய்தவர் ஷூஸ்மித். கொழு செய்தவர் சக்ஸ்மித். இந்தப் பெயர்கள் அரிதானவை என்பதால், வம்சாவளி தேடுபவருக்கு நேஸ்மித் கிடைத்தால் வரம்.

ஸ்மித்சன் என்றால் கொல்லர் மகன். ஸ்மித்தீஸ் என்பது ஆளை அல்ல, உலைக்கூடத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பக்கத்தில் குடியிருந்தவருக்கோ அங்கே வேலை பார்த்தவருக்கோ ஒட்டிக்கொண்ட பெயர். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம் ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி விட்டுச்சென்ற சொத்தில் 1846இல் அமைந்தது. அவருடைய தந்தை பிறந்தபோது ஸ்மித்சன். பிரபு குடும்பத்தில் பெண்ணெடுத்த பிறகு பெர்சி என்று பெயரை மாற்றிக்கொண்டார். திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன், தந்தை விட்டுவிட்ட பெயரைப் பின்னாளில் எடுத்துக்கொண்டார்.

எழுத்து வேறுபாட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஸ்மித் என்பதை ஐ எழுத்துப் போட்டும், ஒய் போட்டும், கடைசியில் ஈ சேர்த்தும் எழுதுவார்கள். ஒய் போட்டவர் உயர்குடி என்ற நம்பிக்கை இன்றும் இருக்கிறது. இடைக்காலக் கையெழுத்தில் ஐ, ஒய் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதினார்கள். ஒரே பதிவேட்டில் ஒரே ஆளின் பெயர் இரண்டு விதமாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் கூட்டத்திலிருந்து விலகித் தெரிவதற்காக ஒய்க்கு மாறியவர்களும் உண்டு. எழுத்தை வைத்துக் குலத்தை அளக்க முடியாது.

பிற ஊற்றுகள்

ஸ்மித் என்ற பெயர் உள்ளவரெல்லாம் ஆங்கிலக் கொல்லரின் வழிவந்தவர் அல்ல. ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் கேலிக் மொழி பேசியவர்கள் கொல்லரை 'கோ' என்றார்கள். ஆங்கிலம் பரவியபோது கோ குடும்பங்களில் பல ஸ்மித் ஆயின. அயர்லாந்தின் காவன் மாவட்டத்தில் கொல்லர் மகன் என்று பொருள்படும் மெக்கவன் குடும்பங்கள் பெயரை மொழிபெயர்த்து ஸ்மித் ஆக்கிக்கொண்டன. இங்கிலாந்தின் ரோமானி நாடோடிகளிடம் லாடக் கொல்லரைக் குறிக்கும் பெட்டுலெங்ரோ என்ற பெயர் இருந்தது. வெளியாரிடம் அதுவும் ஸ்மித்.

அமெரிக்காவில் இது இன்னும் பெருகியது. ஜெர்மானிய ஷ்மிட்டுகள், குறிப்பாக முதல் உலகப் போரில் ஜெர்மானியர் மீது வெறுப்பு மூண்டபோது, ஸ்மித் ஆனார்கள். நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து அனுப்பிய எல்லிஸ் தீவில் இறங்கியதும் அதிகாரிகள் பெயரை வெட்டி மாற்றினார்கள் என்பது பரவலான கதை. அங்கிருந்த அதிகாரிகள் கப்பல் நிறுவனம் புறப்பட்ட துறையிலேயே எழுதிக் கொடுத்த பயணிகள் பட்டியலை வைத்துச் சரிபார்த்தவர்கள். பெயர்களை அவர்கள் எழுதவில்லை. மாற்றம் பெரும்பாலும் பிறகு, வேலையிலோ பள்ளியிலோ குடியுரிமை விண்ணப்பத்திலோ, அவரவர் விருப்பப்படி நடந்தது. அடிமை முறை ஒழிந்த 1865க்குப் பிறகு விடுதலை பெற்ற கறுப்பின மக்களில் பலரின் பெயர் முதன்முறையாக அரசுப் பதிவுகளில் குடும்பப் பெயரோடு ஏறியது. அவர்களிலும் ஸ்மித்துகள் ஏராளம். 2010 கணக்கெடுப்பில் ஸ்மித் என்ற பெயருடைய அமெரிக்கர்களில் சுமார் 71 விழுக்காட்டினர் வெள்ளையர், 23 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர்.

ஐரோப்பாவின் மற்ற மொழிகளிலும் கொல்லர் பெயர் முன்வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். பிரெஞ்சில் லெஃபேவ்ர், இத்தாலியில் ஃபெராரி, ஸ்பெயினில் ஹெரேரோ, போலந்தில் கோவால்ஸ்கி, ஹங்கேரியில் கோவாச், ரஷ்யாவில் குஸ்னெட்சோவ். அரபு நாடுகளில் ஹத்தாத். ஃபெராரி கார் வாங்குபவர்களில் எத்தனை பேருக்கு அது கொல்லர் பெயர் என்று தெரியுமோ!

எண்ணிக்கை

இங்கிலாந்து, வேல்ஸ் பதிவாளர் நாயகத்தின் 1853க்கான அறிக்கை ஸ்மித்துகளை 2,53,600 பேர் என்று மதிப்பிட்டது. அதாவது 73 பேருக்கு ஒருவர். அடுத்த இடத்தில் ஜோன்ஸ், 2,42,100. ஜோன்ஸ் இவ்வளவு நெருங்கி வந்ததற்கு வேல்ஸ்தான் காரணம். அங்கே குடும்பப் பெயர் தாமதமாக உறைந்ததால், அந்தச் சமயத்தில் அப்பாவுக்கு இருந்த ஜான், வில்லியம், டேவிட் போன்ற சில பெயர்களே ஜோன்ஸ், வில்லியம்ஸ், டேவிஸ் என்று நாடு முழுக்க நிரம்பின.

அமெரிக்கக் கணக்கெடுப்பில் 2000இல் 23,76,206 ஸ்மித்துகள், 2010இல் 24,42,977. இரண்டு முறையும் முதலிடம். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். லட்சம் பேருக்கு எத்தனை என்று கணக்கிட்டால் 881இலிருந்து 828ஆக இறங்கியிருக்கிறது. பெயர் வளர்கிறது, பங்கு தேய்கிறது. லத்தீன் அமெரிக்க, ஆசியக் குடும்பங்கள் பெருகுவதுதான் காரணம். 2010 பட்டியலில் கார்சியா ஆறாம் இடத்தில் வந்து நின்றது. நியூசிலாந்தில் அண்மை ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளின் குடும்பப் பெயர்களில் ஸ்மித்தைத் தாண்டிச் சிங் முன்னேறிவிட்டது. ஸ்காட்லாந்தில் ஸ்மித் அசையவில்லை, முதலிடம் அதற்கே.

இத்தனை நூற்றாண்டு இந்தப் பெயர் அழியாமல் இருப்பதற்குக் கணித விளக்கமும் உண்டு. தந்தை வழியில் மட்டும் இறங்கும் பெயர், ஒரு தலைமுறையில் ஆண் பிள்ளை இல்லாவிட்டால் நின்றுவிடும். ஒரு பெயர் எவ்வளவு வேகமாக அழியும் என்ற கேள்வியை ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் எழுப்பினார். ஹென்றி வாட்சனோடு சேர்ந்து 1874இல் அதற்குக் கணக்கு முறை வெளியிட்டார். ஒரே ஒரு முன்னோரிலிருந்து தொடங்கிய பெயர் தற்செயலாகவே மறைந்துபோக வாய்ப்பு அதிகம். ஆயிரம் ஊற்றுள்ள பெயருக்குச் சில ஊற்றுகள் வற்றினாலும் ஒன்றும் ஆகாது.

மரபணு ஆய்வும் இதையே காட்டியது. டூரி கிங்கும் மார்க் ஜோப்லிங்கும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்களைச் சேர்ந்த ஆண்களின், தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோம்களை ஒப்பிட்டார்கள். ஆட்டன்பரோ போன்ற அரிய பெயர் உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒரே முன்னோரைச் சுட்டினார்கள். இரண்டு ஸ்மித்துகளை எடுத்தாலோ, தெருவில் போகும் யாரோ இருவரை எடுத்ததற்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை.

ஆகவே 'ஸ்மித் குடும்பச் சின்னம்' என்று கடைகளில் சட்டம் போட்டு விற்கும் கேடயப் படங்களை அலங்காரமாக மட்டும் வாங்கலாம். இங்கிலாந்து மரபில் அந்தச் சின்னம் ஒரு தனி ஆளுக்கு வழங்கப்படுவது. அவருடைய நேர் வாரிசுகளுக்குத்தான் உரிமை. ஒரு பெயருக்கென்று சின்னம் கிடையாது.

ஒரு ஸ்மித்தைத் தேடுவது

முன்னோரைத் தேடுபவர்கள் ஸ்மித் என்றாலே அஞ்சுவார்கள். அஞ்ச வேண்டியதுதான். ஆனால் தேடும் முறையை மாற்றினால் முடியும். விதி ஒன்றே: ஸ்மித்தை நேராகத் தேடாதீர்கள், அவரைச் சுற்றியிருக்கும் அரிய பெயரைத் தேடுங்கள்.

அண்மையிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு 1837 ஜூலை 1இல் தொடங்கியது, ஸ்காட்லாந்தில் 1855இல். பிறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். பழைய அச்சு அட்டவணைகளில் அது 1911ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டிலிருந்துதான் கிடைக்கும். பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் 1837இலிருந்தே சேர்த்திருக்கிறார்கள், ஸ்மித் தேடுபவர் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். ஸ்மித்தோடு தாயின் பெயரையும் சேர்த்துத் தேடினால் நூற்றுக்கணக்கான ஜான்கள் சில பேராகக் குறைவார்கள். அடுத்து பெற்றோரின் திருமணச் சான்றிதழ். அதில் இருவருடைய தந்தையரின் பெயரும் தொழிலும் இருக்கும். இப்போது தாத்தாவின் தொழில் கையில் கிடைத்துவிட்டது. அதை வைத்துக் கணக்கெடுப்புகளில் சலிக்கலாம்.

1841 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதியிருப்பார்கள். 39 வயதுக்காரர் அதில் 35 ஆகத் தெரிவார். வயது பொருந்தவில்லை என்று சரியான ஆளைத் தள்ளிவிடுவது இங்கேதான் நடக்கும். 1851இலிருந்து, பிறந்த பங்கின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியின்) பெயரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் கிடைக்கும். 1837க்கு முன்பு போக வேண்டுமானால் தேவாலயப் பங்குப் பதிவேடுகள். மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538இல் ஆணையிட்டுத் தொடங்கியவை. 1813இலிருந்து அச்சிட்ட படிவம் வந்தது, ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலும் இருக்கும். அதற்கு முன்பு பெரும்பாலும் 'ஜானின் மகன் ஜான்' என்பதோடு சரி.

ஏற்ற வயதில், ஏற்ற பங்கில் ஞானஸ்நானம் பெற்ற ஜான் ஸ்மித் கிடைத்தவுடன் துள்ள வேண்டாம். அதே பங்கின் அடக்கப் பதிவுகளை அடுத்த பத்து ஆண்டுகளுக்குப் புரட்டுங்கள். குழந்தையிலேயே இறந்துபோன ஜான் வழியாக ஐந்து தலைமுறை வரைந்த வம்ச மரங்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன.

எழுத்து வேறுபாட்டுக்கு அமெரிக்கப் பதிவுகளில் சவுண்டெக்ஸ் என்ற ஒலிக் குறியீடு உதவும். முதல் எழுத்தை வைத்துக்கொண்டு உயிரெழுத்துகளையும் எச், டபிள்யூ, ஒய் ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டும். எம், என் இரண்டுக்கும் 5. டி என்று நாம் எழுதும் இரு எழுத்துகளுக்கும் 3. அடுத்தடுத்து ஒரே எண் வந்தால் ஒருமுறை மட்டும். மூன்று எண் சேராவிட்டால் பூஜ்யம். ஸ்மித்துக்கு எஸ் 530. ஷ்மிட்டுக்கும் அதே எஸ் 530. பெயர் மாற்றிக்கொண்ட ஜெர்மானியக் குடும்பங்கள் இப்படித்தான் வலையில் விழும். மெக்கவன் இதில் விழாது. மொழிபெயர்த்த பெயருக்கு ஒலி உதவாது, ஊரை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

பிள்ளைகளின் நடுப்பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். ஜான், மேரி நடுவே திடீரென்று ஆக்ராய்ட் என்றோ பிக்கர்ஸ்கில் என்றோ ஒரு பெயர் நுழைந்திருந்தால், அது பெரும்பாலும் தாயோ பாட்டியோ பிறந்த வீட்டின் பெயர்.